தாயின் அலட்சியமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில் வந்த கர்ப்பகால உணவுக் கட்டுரையில், குழந்தையின் மூளை வளர்ச்சியில் குறை வந்தால் அதற்குப் பெரும்பாலும் தாயின் அலட்சியம்தான் காரணம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

என் மூத்த மகள் 2008இல் பிறந்தாள். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தை. தலையில் நீர் கோத்துக்கொண்டதால் அதை வடிக்க மூன்றாவது வாரமே ஷண்ட் என்ற குழாய் வைத்தார்கள். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என் மாமியார் வழிச் சொந்தம் ஒருத்தர் "என்னத்தைத் தின்னு தொலைச்சாளோ" என்றார். அதையேதான் நீங்கள் இப்போது நல்ல தமிழில் அச்சடித்திருக்கிறீர்கள்.

நான் என்ன அலட்சியம் செய்தேன்? நர்ஸம்மா கொடுத்த, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் சேர்ந்த மாத்திரையை ஒருநாள் விடாமல் போட்டேன். ஆனால் அது என் கைக்கு வந்ததே நாலாம் மாதத்தில். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய், கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும் என்று மகள் பிறந்த பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது, அந்த வேலை முடிந்துவிடும். பல பேருக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரியாது. அதனால்தான் அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வேண்டும் என்கிறார்கள். முன்பே போட்டிருந்தால் என் மகளுக்கு இது வந்தே இருக்காது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் இப்படிக் குழந்தை பெற்ற தாய்மார்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலத்தை அதிக அளவில் போட்டால் மறுபடியும் இந்தப் பாதிப்பு வருவது நாலில் மூன்று பங்கு அளவுக்குக் குறைகிறது என்று 1991இலேயே பெரிய ஆய்வு வந்துவிட்டது. அமெரிக்காவில் 1998 முதல் மாவிலேயே கலக்கச் சட்டம் போட்டுவிட்டார்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது பிள்ளைக்கு முன்கூட்டியே டாக்டர் 5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார், பையன் நன்றாகப் பிறந்தான்.

உங்கள் கட்டுரையில் பாதாம், அக்ரூட், குங்குமப்பூ பால் என்று அரைப்பக்கம் இருக்கிறது, ஃபோலிக் அமிலம் ஒரு இடத்தில்கூட இல்லை. குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற பேச்சை இன்னும் எத்தனை வருடம் போடப் போகிறீர்கள்? முருங்கைக்கீரை, பாசிப்பயறு, நிலக்கடலை, நெத்திலி, சாளை என்று எங்கள் வீட்டில் கிடைப்பதை எழுதினால் ஆகாதா? அயோடின் குறைந்தாலும் குழந்தையின் மூளை பாதிக்கும். 2006இலேயே அயோடின் இல்லாத சாப்பாட்டு உப்பை விற்கக் கூடாது என்று தடை வந்தும், உப்பளம் நிறைந்த எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சைக்கிளில் வரும் கல் உப்பைத்தான் பல வீடுகளில் இன்னும் குழம்புக்குப் போடுகிறார்கள். அதைப் பற்றியும் ஒரு வரி கிடையாது.

அப்புறம், அந்தத் தாய் எப்போது சாப்பிடுகிறாள் என்று யாராவது கேட்டீர்களா? ஏழு மாத வயிற்றோடு எல்லோருக்கும் தோசை ஊற்றிப் போட்டுவிட்டுக் கடைசியாக உட்கார்ந்தவள் நான். மீன் வாங்கினால் நல்ல துண்டெல்லாம் ஆண்கள் தட்டுக்குப் போய்விடும், எனக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு. உங்கள் கட்டுரை முழுக்க "தாய் சாப்பிட வேண்டும், தாய் தவிர்க்க வேண்டும்" என்றுதான் இருக்கிறது. கணவனுக்கோ மாமியாருக்கோ சொல்ல உங்களிடம் ஒரு வார்த்தைகூட இல்லையா? இது முதல் தடவையும் இல்லை. இரண்டு வருடம் முன்பு ரத்தசோகை பற்றி எழுதியபோதும் பெண்கள் இரும்புச் சத்து மாத்திரையைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள் என்றுதான் எழுதினீர்கள். அதைப் போட்டால் வயிறு பிரட்டும், மலச்சிக்கல் வரும், சாப்பிட்ட பிறகு போட்டால் கொஞ்சம் தாங்கும் என்று யாரும் எழுதவில்லை. அப்போதும் ஒரு கடிதம் போட்டேன், நீங்கள் வெளியிடவில்லை.

என் மகள் இப்போது வாக்கர் பிடித்து நடந்து பிளஸ் டூ வகுப்புக்குப் போகிறாள். உங்கள் இதழை அவளும் படிப்பாள். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த இதழில் அதே மகளிர் பக்கத்தில், கல்யாணம் ஆன பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். நாலு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்.