ஹாட்டி கான்டியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

லாஸ் வேகஸ் பற்றிய உங்கள் கட்டுரையில் சூதாட்ட விடுதிகளின் முதலாளிகள் மட்டுமே இருந்தார்கள். இங்கே விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் எனக்கு அது வருத்தமளித்தது. அலபாமாவிலிருந்து வந்து குடியேறிய ஹாட்டி கான்டி, கணவரை இழந்தபின் இதே வேலையைச் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். 1990-இல் விடுதித் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். அந்தச் சங்கம் 1991-இல் ஃபிரான்டியர் விடுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சுமார் 550 பேரில் ஒருவர்கூட மறியலை மீறி வேலைக்குத் திரும்பவில்லை. அதுவும் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாலைவனக் கோடையில்! என் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு அந்தச் சங்கம் போராடிப் பெற்றது. அவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

வாசகி ஒருவர்,
லாஸ் வேகஸ்