வாதம் அடித்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அக்டோபர் 29 உலக பக்கவாத தினம் வந்தால் வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது, நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி என்று பத்திரிகைகளில் நிறையவே எழுதுகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பின் விளங்காத கை காலை எப்படிப் பிடிப்பது, எப்படி நீவுவது என்று சொல்வார் இல்லை. பாதிக் கெடுதல் அங்கேதான் நடக்கிறது.

முதலில் தோள். தோள்மூட்டின் குழி ஆழமில்லாதது. எலும்பின் பந்துமுனையை அதில் நிறுத்தி வைப்பவை சுற்றியுள்ள தசைகள். வாதத்தின் தொடக்க வாரங்களில் அவை துவண்டுவிடுவதால் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். தோள்முனை எலும்புக்குக் கீழே தொட்டுப் பார்த்தால் ஒரு விரல் பதிகிற பள்ளம் தெரியும். இந்தக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கிறார்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள், ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஏற்றி இறக்கச் சொல்கிறார்கள். மூன்றுமே தோளைப் புண்ணாக்கும் வேலை.

காரணம் இது. கையைத் தலைக்கு மேல் 180 டிகிரி உயர்த்தினால் சுமார் 120 டிகிரிதான் தோள்மூட்டில் நடக்கிறது. மீதி 60, முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பு சுழன்று கொடுப்பது. அது அசையாமல் கையை மட்டும் தூக்கினால் நடுவில் இருக்கும் தசைநார் நசுங்கும். வலி வந்தபின் நோயாளி கையைத் தொடவே விடமாட்டார், மூட்டு இறுகிப் போகும். எனவே மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கையை அடியில் கொடுத்துத் தோள்பட்டை எலும்பை முன்னால் கொண்டுவாருங்கள். அவருடைய முன்னங்கை முழுவதும் உங்கள் மறு கையில் சாய்ந்திருக்கட்டும். கட்டைவிரல் மேலே பார்த்தபடி மெல்ல உயர்த்துங்கள். கை துவண்டிருக்கும்வரை 90 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஐந்து முதல் பத்து முறை, காலையும் மாலையும் செய்தால் போதும்.

சில வாரங்கள் போனால் விரல்கள் மூடி இறுகத் தொடங்கும். நுனியைப் பிடித்து நெம்பினால் விரல்தான் நோகும், கை திறக்காது. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கினால் விரல்களை இழுத்துப் பிடிக்கும் தசைநார்கள் தளரும். அப்போது கட்டைவிரலை அடிச்சதையோடு பிடித்து வெளியே கொண்டுவந்து, பிறகு மற்ற விரல்களை நீட்டி, நீட்டியபடியே மணிக்கட்டை மெல்ல நிமிர்த்தி 20, 30 விநாடி வைத்திருங்கள். ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது ஏன் இவ்வளவு பிரபலமோ! மூடியே கிடக்கும் கைக்கு மேலும் மூடப் பழக்குவதில் என்ன லாபம்?

கணுக்காலிலும் இதே கவனம் வேண்டும். கால்விரல்களை மட்டும் பிடித்துத் தள்ளினால் பாதத்தின் நடுப்பகுதி வளையும், குதிநார் நீளாது. முழங்கால் நீட்டியிருக்க, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதம் உங்கள் முன்னங்கையில் படிந்திருக்கும்படி வைத்து, குதிகாலை உங்கள் பக்கம் இழுத்தபடி உங்கள் உடலை அவர் தலைப்பக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணெய். ஒரு கைக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். அதிகமானால் பிடி வழுக்கும். உள்ளங்கை முழுவதும் படும்படி விரல்நுனியிலிருந்து தோள் நோக்கியும், பாதத்திலிருந்து தொடை நோக்கியும் மெதுவாக நீவினால் கை கால் வீக்கம் வடிய உதவும். பிசைவது சதையில் மட்டும், எலும்பு மேடுகளில் வேண்டாம். இறுகிய தசையைப் படபடவென்று தட்டினால் அது தளராது, இன்னும் விறைக்கும். சொடக்கு எடுப்பதை மறந்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகே விஷயம் புரியும். ஆகவே எண்ணெயின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்த பிறகே தடவுங்கள்.

ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் நீவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உருவி விட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் மூட்டுக்கு அசைவு தினமும் இரண்டு வேளை வேண்டும். அதைச் செய்யப்போவது மனைவியோ மகனோ மருமகளோதான். துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரை அழைத்து, தோள், விரல், கணுக்கால் மூன்றையும் அவர் கையாலேயே செய்ய வைத்து, தவறைத் திருத்தி அனுப்புவதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்டுகள் சிலர்,
திருச்சி