அண்ணனுக்கு நாற்பது வயது

அன்புள்ள தம்பிக்கு,

டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி வளர்ச்சிக் குறைபாடு உள்ள எங்கள் அண்ணனை வைத்து, அதற்கான உலக தினமான மார்ச் 21-க்கு ஒரு வீடியோ போடலாமா என்று கேட்டிருந்தாய். "பார்க்கிறவங்க கண்ணு கலங்கணும்க்கா, அப்பதான் நாலு பேருக்குப் போகும்" என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. வா, எடு. ஆனால் கண் கலங்க வைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வராதே. பதிலை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் உன்னைப்போலக் கையில் போனோடு கதை தேடுகிற பிள்ளைகள் நிறைய இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

போன வருடம் நீ போட்டதைப் பார்த்தேன். ஐந்து வயதுப் பையன். பின்னால் வயலின். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள், கீழே ஜிபே நம்பர் ஓடுகிறது. சட்டையில் பள்ளிக்கூட பேட்ஜ் கூடத் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பையன் இரண்டு முறை உன் மைக்கைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தான். இரண்டு முறையும் வெட்டிவிட்டு அம்மா முகத்துக்குப் போய்விட்டாய். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொன்று கவனித்தாயா? டவுன் சிண்ட்ரோம் என்று தேடினால் வருவதெல்லாம் குழந்தைகள். வளர்ந்தவர்கள் எங்கே போனார்கள்? ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. அமெரிக்கக் கணக்குப்படி 1983-ல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வருடம்தான். பிறக்கிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். அதற்குச் சின்ன வயதிலேயே ஆபரேஷன் செய்ய ஆரம்பித்த பிறகு, விடுதிகளில் தள்ளிவிடாமல் வீட்டிலேயே வளர்க்க ஆரம்பித்த பிறகு, இன்று அங்கே அது 60-ஐத் தொட்டுவிட்டது. நம் பக்கமும் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது உள்ளறையில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

குழந்தையின் கண்ணையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்துவிட்டு, "ஒரு டெஸ்ட் எடுக்கணும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன ராத்திரி, பிரசவ வார்டில் ஒரு அம்மா போனை எடுத்துத் தேடுவாள். நீ யாருக்காக எடுக்கிறாய் என்று கேட்டால் நான் அவளைத்தான் காட்டுவேன். இவன் நாற்பது வயதில் எப்படி இருப்பான், யாரோடு இருப்பான், என்ன வேலை பார்ப்பான், நான் இல்லாவிட்டால் சோறு போட்டுச் சாப்பிடுவானா என்பதெல்லாம்தான் அவளுக்குத் தெரிய வேண்டும். வயலின் அதற்குப் பதில் சொல்லாது.

எங்கள் அண்ணன் சொல்வான். பாப்பாரப்பட்டியில் புளி வேலைக்குப் போகிறான். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பது. வேகம் கிடையாது. பக்கத்தில் உட்காருகிற பெண்கள் இரண்டு கிலோ முடிக்கிற நேரத்தில் இவன் ஒரு கிலோவைத் தாண்டமாட்டான். ஆனால் இவன் கை பட்ட புளியில் தேடினாலும் கொட்டை கிடைக்காது. முதலாளி தன் வீட்டுக் குழம்புக்கு எடுத்து வைப்பது அண்ணன் உடைத்த புளியைத்தான். கிலோ கணக்கில்தான் கூலி, எல்லோருக்கும் போல. கூலி வாங்கியதும் முதல் செலவு பரோட்டா. தைராய்டுக்கு மாத்திரை போடுகிற ஆள், எடை ஏறுகிறது என்று நான் கத்துவேன். காதில் வாங்கமாட்டான். (ஒரு காது நிஜமாகவே கொஞ்சம் மந்தம். இன்னொன்று வசதிப்படி மந்தம்.)

கோடையில் சுற்றுவட்டாரத்தில் எங்கே பாரதக் கூத்து நடந்தாலும் இவன் முன்வரிசையில் இருப்பான். துரியோதனன் படுகளம் முடிந்து வந்தால் இரண்டொரு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். எல்லோரும் பாண்டவர் பக்கம், இவன் துரியோதனன் பக்கம். "தெய்வக் குழந்தைகள், சூது வாது தெரியாது, எப்போதும் சிரித்த முகம்" என்று பேசுகிறீர்களே, அப்படி யாரையும் எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை. அண்ணன் பொய் சொல்வான், பொறாமைப்படுவான், என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையோடு நின்று போட்டோ எடுக்க மறுத்தான். தெய்வமாக்கிவிட்டால் அப்புறம் அவனிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

உன் வீடியோவில் ஒரு வரி வந்தது, "சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்த வினை" என்று. அந்த வரியை எடுத்துவிடு. எங்கள் அம்மா தாய்மாமனைக் கட்டியவர். சாகும்வரை அந்தப் பேச்சைக் கேட்டார். அப்பாவை ஒருவரும் எதுவும் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துக்கொள். செல்லுக்குள் மரபுக் குணங்களைத் தாங்கும் குரோமோசோம் நமக்கெல்லாம் 46, இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு 47. இருபத்தொன்றாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது என்பதை 1959-ல் பிரான்சில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதால் தற்செயலாக நடப்பது இது. அம்மாவின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். 25 வயதில் தோராயமாக 1,200 பிரசவத்துக்கு ஒன்று என்றால் 40 வயதில் 100-க்கு ஒன்று. சிலருக்கு மட்டும் பெற்றோர் வழியாக வரும், அது குரோமோசோம் பரிசோதனையில் தெரிந்துவிடும். சொந்தத்தில் கட்டினால் வேறு சில பரம்பரை நோய்கள் வருகிற வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் இது அந்தக் கணக்கில் வராது. நீ தேர்ந்தெடுத்த அந்தத் தேதியே 21-ஐயும் மூன்றையும் வைத்துத்தான் வந்தது, 3/21. ஐ.நா. 2012 முதல் அதை அனுசரிக்கிறது.

சினிமாவை உதாரணம் காட்டுவாய் என்று தெரியும். நடிகர் ஒருவர் வாயைக் கோணி, கழுத்தைச் சாய்த்து நடித்து விருது வாங்குவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். 2021-ல் 'திரிகே' என்ற மலையாளப் படத்தில், அண்ணன் தம்பி கதை, டவுன் சிண்ட்ரோம் உள்ள கோபி கிருஷ்ணன் வர்மாவே முக்கிய வேடத்தில் நடித்தார். ஸ்பெயினில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பாப்லோ பினேதா 2009-லேயே சான் செபாஸ்தியன் பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கிவிட்டார். நம் உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில் ஒரு தீர்ப்பில் இதைப் பேசியது: மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டும்போது கேலிப் பொருளாகவும் ஆக்கக்கூடாது, அசாத்திய சாதனையாளராக ஊதிக் காட்டவும் கூடாது, அவர்களைப் பற்றி எடுப்பதில் அவர்களும் இருக்க வேண்டும். அண்ணன் சாதனையாளன் இல்லை. அவனை அப்படி ஆக்கவும் முயலாதே.

இனி, எப்படி எடுப்பது என்பது. என்னிடம் அனுமதி கேட்டாய், அவனிடம் கேட்கவில்லை. அவன் உன்னைவிடப் பெரியவன், அண்ணா என்று கூப்பிட்டுப் பேசு. ஒரு விஷயம் தெரிந்துகொள்: புதியவர்கள் எதைக் கேட்டாலும் "சரி" என்பான். சின்ன வயதிலிருந்து எல்லோரும் அவனிடம் எதிர்பார்த்தது அதைத்தான். ஆகவே ஒரு "சரி"யை வைத்துக்கொண்டு கேமராவைத் திறக்காதே. உன் பழைய வீடியோ ஒன்றைக் காட்டு, "இந்த மாதிரி உங்க முகம் ஊர் பூரா தெரியும், வேணுமா வேணாமா" என்று கேள். இன்னொரு நாள் வந்து மாற்றிக் கேள். அப்போதும் சரி என்றால் அது அவன் சரி. வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டுப் போ.

தசை தளர்வாக இருப்பதால் அவன் பேச்சு குழறும். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திரு, என் முகத்தைப் பார்க்காதே, நான் மொழிபெயர்க்கமாட்டேன். புரியாத இடத்தில் கீழே எழுத்துப் போடு, உன் குரலைப் போடாதே. வெளியிடுவதற்கு முன் முழுசாக அவனுக்குப் போட்டுக் காட்டு. பிடிக்காத இடத்தில் கையை நீட்டித் தடுப்பான், அதை வெட்டு.

என்னிடமும் கேட்க உனக்குச் சில இருக்கும். சொல்கிறேன், ஆனால் என்னுடையதை மட்டும். இருபத்தொன்றாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீன் அல்சைமர் என்ற மறதி நோய்க்கும் காரணமாகிறது. மூன்று குரோமோசோம் இருப்பதால் இவர்களில் பலருக்கு ஐம்பதுகளிலேயே, சிலருக்கு அதற்கு முன்பே, மறதி வந்துவிடுகிறது. அண்ணன் செருப்பை எங்கே விட்டோம் என்று தேடுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அது மறதியா, எப்போதும்போலச் சோம்பேறித்தனமா என்று தெரியாமல் முழிக்கிறேன். இதை எந்த வீடியோவும் பேசுவதில்லை. எனக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குக் கொஞ்சம் ஏற்பாடு செய்திருக்கிறோம்: அறிவு வளர்ச்சிக் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்கான 1999-ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்துச் சட்டப்படி பாதுகாவலர் நியமிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் வருடம் ஒரு லட்சம் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. ஜிபே நம்பர் ஓடிய இடத்தில் இந்த இரண்டையும் ஓடவிடு. பிறந்த குழந்தை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில், வளர்ச்சிக் குறையைச் சின்ன வயதிலேயே கவனிக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்கச் சொல், அதையும் போடு.

மார்ச் மாதம் புளி சீசன். பகலில் அவன் வேலையைக் கெடுத்தால் கூலி போகும், அதனால் சாயங்காலம் வா. வெளிச்சம் போதாது, வேலை செய்கிற கையை எடுக்கணும் என்பாய். அப்படியானால் பகலில் வா, அன்றைய கூலியைக் கொடுத்துவிடு. என்னிடம் கொடுக்காதே, அவன் கையில் கொடு. எவ்வளவு என்று அவனையே கேள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

இப்படிக்கு,
அக்கா