எடை மாற்றம் என்பது முன்னால் சாய்வதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் தொடக்கநிலைக் குத்துச்சண்டை பற்றி வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். குத்தின் வலு கையில் அன்று, காலில்தான் தொடங்குகிறது என்று அண்மைப் பகுதி சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அதை விளக்கப் புகுந்த இடத்தில், எந்தக் குத்தாக இருந்தாலும் உடல் எடை முழுவதையும் முன்காலுக்குக் கொண்டுவந்து குத்த வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. குத்துச்சண்டை கற்பிப்பவன் என்ற முறையில் இந்த ஒரு வரியைப் பற்றியே எழுத விரும்புகிறேன். புதிதாகப் பயில வருவோரிடம் நாள்தோறும் திருத்த வேண்டியிருக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

இடக்காலை முன்னும் வலக்காலைப் பின்னும் வைத்து நிற்கும் ஆர்த்தடாக்ஸ் நிலையில் ஒருவர் வலக்கையால் கிராஸ், அதாவது பின்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து, குத்துவதாகக் கொள்வோம். பின்காலின் முன்பாதம் தரையைத் தள்ளுகிறது; தரை திருப்பித் தரும் எதிர்விசை முழங்கால் வழியே ஏறி இடுப்பைத் திருப்புகிறது; இடுப்பைத் தொடர்ந்து மார்பும் அதைத் தொடர்ந்து தோளும் திரும்ப, கடைசியில்தான் கை நீள்கிறது. இந்த நேரத்தில் முன்கால் சும்மா இருப்பதில்லை. முன்னோக்கி வரும் உடலை அது ஊன்றித் தடுக்கிறது. அந்தத் தடுப்பு இருந்தால்தான் உடலின் முன்னோட்டம் திருகலாக மாறித் தோளுக்குப் போய்ச் சேரும். இல்லையென்றால் உடல் மொத்தமாக எதிராளியை நோக்கிச் சரியுமே தவிர, முஷ்டியில் வேகம் கூடாது. ஆகவே எடை முன்காலுக்கு வருகிறது என்பது பாதி உண்மைதான். வரும் எடையை அந்தக் கால் நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், படிப்பவர் சாய்வதற்குத்தான் கற்றுக்கொள்வார்.

சாய்பவரைக் கண்டுபிடிப்பது எளிது. குத்து முடிந்த கணத்தில் அவருடைய தலை முன்முழங்காலைத் தாண்டிப் போயிருக்கும். பின்பாதம் தரையை விட்டு எழும்பியிருக்கும், அல்லது உயிரற்று இழுபடும். எதிராளி அரை அடி பின்வாங்கினால் போதும், இவர் தடுமாறிப் போவார். அடுத்த குத்தை விடுவதற்கும் வழியிருக்காது, ஏனெனில் அதற்கு வேண்டிய உந்துதலைத் தர எந்தக் காலும் ஆயத்தமாக இருக்காது. கீழிருந்து வரும் அப்பர்கட்டுக்கு இதைவிட வசதியான இலக்கும் கிடையாது. தொங்கும் கனமான பையில் மட்டுமே பழகுகிறவர்களுக்கு இந்தக் குறை தெரியாமலே போய்விடுகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: சாய்கிற உடலைப் பை தாங்கிக்கொள்கிறது, சத்தமும் பலமாகக் கேட்கிறது, பயில்பவரும் தம் குத்து வலுத்துவிட்டதென்று நம்பிவிடுகிறார்.

கால்களின் பங்கு பற்றிய தொடரின் கருத்துக்கு வலுச்சேர்க்கும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1980களில் சோவியத் ஆய்வாளர்கள் 120 குத்துச்சண்டை வீரர்களின் நேர்க்குத்தை ஆராய்ந்தபோது, உயர்நிலை வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடாகவும், கீழ்நிலை வீரர்களிடம் அது ஏறத்தாழ 17 விழுக்காடாகவும் இருந்தது. இந்த எண்களைத் துல்லியமான அளவுகோலாகக் கொள்ள நான் சொல்லவில்லை. தேர்ச்சி கூடக்கூட வேலை கையிலிருந்து காலுக்கு இறங்குகிறது என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

இதே இடத்தில் இன்னொரு வழக்கமான அறிவுரையையும் கேள்வி கேட்க வேண்டும். கிராஸ் குத்தும்போது பின்பாதத்தைச் சிகரெட்டை மிதித்து நசுக்குவதுபோலத் திருப்பு என்று பல பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். பயில்பவரும் அப்படியே பாதத்தை அழகாகத் திருப்புகிறார், ஆனால் தரையைத் தள்ளுவதில்லை. பல நேரங்களில் குத்து போய்ச் சேர்ந்த பிறகுதான் பாதம் திரும்புகிறது. குதிகால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு திரும்புவதன் விளைவு. விளைவை மட்டும் தனியே செய்து காட்டினால் குத்தில் எதுவும் ஏறாது.

தொடரின் வரி முழுமையாகவே தவறிப்போவது, மடக்கிய கையைப் பக்கவாட்டில் வீசும் ஹூக்கில்தான். முன்னால் இருக்கும் இடக்கையால் விடப்படும் ஹூக்கில் எடை முன்காலுக்குப் போவதில்லை. முன்காலில் ஏற்கெனவே ஏறியிருக்கும் எடைதான் அங்கிருந்து உந்தப்பட்டுப் பின்கால் பக்கம் போகிறது. முன்காலின் பாதம் தரையைத் தள்ள, அதன் குதிகால் வெளிப்பக்கம் திரும்ப, இடுப்பு வலப்பக்கம் சுழல, மடங்கிய கை அந்தச் சுழற்சியோடு சேர்ந்து வருகிறது. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த போட்டியின் 15ஆவது சுற்றில், ஜோ பிரேசியர் முகமது அலியை வீழ்த்திய இடது ஹூக்கின் காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு, கை கிளம்புவதற்கு முன்பே உடல் இடப்பக்கம் தாழ்ந்து எடையைத் திரட்டிக்கொள்வது தெரியும்.

கிராஸ் எடையை முன்காலில் கொண்டுவந்து சேர்ப்பதால், ஹூக்குக்கு வேண்டிய ஆயத்தம் அதிலேயே முடிந்துவிடுகிறது. ஹூக் எடையைப் பின்காலுக்குத் திருப்பி அனுப்புவதால் அடுத்த கிராஸுக்கு வழி பிறக்கிறது. ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து), கிராஸ், ஹூக் என்ற வரிசையைப் பரவலாகக் கற்பிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு குத்துக்கும் எடையை முன்னால்தான் தள்ள வேண்டும் என்று பழகியவர், முதல் கிராஸிலேயே அதைச் செலவழித்துவிட்டு ஹூக்கை வெறும் கையால் வீசுகிறார்.

ஜாப் பற்றிய கருத்து வேறுபாடு சுவையானது. 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் உலகச் சாம்பியனாக இருந்த ஜாக் டெம்ப்ஸி, முன்காலைத் தரையிலிருந்து சற்றே எடுத்ததும் உடல் முன்னோக்கி விழத் தொடங்குவதையே விசையாகப் பயன்படுத்தினார். அந்தப் பாதம் தரையைத் தொடுவதற்கு முன் முஷ்டி இலக்கைத் தொட வேண்டும் என்பது அவர் முறை. தம்மைவிட 20 கிலோவுக்கும் மேல் எடை கூடிய ஜெஸ் வில்லார்டை வென்று பட்டத்தைப் பெற்றவர் என்பதால் அவர் சொல்வதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இன்று பரவலாகக் கற்பிக்கப்படுவதோ, பாதமும் முஷ்டியும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது. தூரம் கூடுதலாக இருந்து வலுவோடு நுழைய வேண்டியபோது டெம்ப்ஸியின் முறையும், எதிராளியின் எண்ணத்தை அறிய ஜாப் விடும்போது மற்றதும் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் டெம்ப்ஸியின் முறையிலும் விழுவது இடுப்பும் உடலும் சேர்ந்துதான். இடுப்பைப் பின்னே விட்டுவிட்டுத் தலை மட்டும் முன்னே போவதன்று. இவ்விரு முறைகளிலும் பிழையென ஒப்புக்கொள்ளப்படுவது ஒன்றுதான்: காலை முதலில் வைத்து, உடல் நின்றுபோன பிறகு கையை நீட்டுவது.

எடை மாற்றத்தைக் காலடியிலிருந்து பிரித்துக் கற்பிக்கவும் முடியாது. எந்தத் திசையில் நகர்கிறோமோ அந்தத் திசையிலுள்ள கால் முதலில் நகர, மற்றது அதே அளவு பின்தொடர வேண்டும். கால்கள் பின்னிக்கொள்ளவும் கூடாது, ஒட்டி நிற்கவும் கூடாது. இரண்டு பாதங்களும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிட்டால் பக்கவாட்டில் சமநிலை போய்விடுவதோடு, இடுப்பு திரும்பவும் இடமிருக்காது. வலக்காலை முன்வைக்கும் சவுத்பா நிலையில் நிற்பவருக்கும் இவை அனைத்தும் இடவலம் மாறிப் பொருந்தும். காலடிக்கு நேரம் ஒதுக்குவதை வீண் என்று நினைப்பவர்கள் உக்ரைனியக் குத்துச்சண்டை வீரர் வசில் லோமசென்கோவின் கதையை நினைத்துப் பார்க்கலாம்: பயிற்சியாளரான அவருடைய தந்தை, சிறுவயதில் அவரைக் குத்துச்சண்டையிலிருந்து சில ஆண்டுகள் விலக்கி உக்ரைனிய மரபு நடனம் கற்க அனுப்பினார். பின்னாளில் 2008, 2012 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் அவர் தங்கம் வென்றார்.

வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். பையில்லாமல், கண்ணாடி முன் நின்று, கிராஸை மிக மெதுவாக விட்டு, கை முழுதும் நீண்ட இடத்தில் அப்படியே நிறுத்த வேண்டும். அந்த நிலையில் தலை முன்முழங்காலுக்கு இப்பால் இருக்கிறதா, பின்பாதம் இன்னமும் தரையைத் தள்ள முடிகிறதா, கைகளைத் திரும்ப எடுக்காமலே ஒரு சிறு அடி பின்வாங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு இல்லை என்பது விடையானால், நிற்கும் இடைவெளியையும் முழங்கால் மடிப்பையும் திருத்தாமல் வேகத்தைக் கூட்டக் கூடாது.

தொடரின் அடுத்த பகுதி கூட்டுக் குத்துகளைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அது வெளிவருவதற்கு முன், ஹூக்கையும் உள்ளடக்கி எழுதப்பட்ட அந்த வரியைத் திருத்தி வெளியிடுமாறும், இயன்றால் கிராஸின் முடிவில் பாதங்கள் இருக்க வேண்டிய நிலையைக் காட்டும் படம் ஒன்றைச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குத்துச்சண்டைப் பயிற்சியாளர் ஒருவர்