அந்த நாலு பேரையும் மறுபடி கூப்பிடு

கண்ணு,

ஆபீஸிலிருந்து நாலு பேர் வந்தார்கள், ஓட்டலில் வாங்கிப் போட்டேன், ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள் என்று போனில் சொன்னாய். வீடு சின்னது, இனி யாரையும் கூப்பிடப் போவதில்லை என்றும் சொன்னாய். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டை நீ பார்த்ததில்லை. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் திண்ணை. மார்கழியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் திருவிழா வந்தால் அந்த வீட்டில் 15 பேர் படுத்து எழுவார்கள். காலையில் சந்தகைதான், நம் ஊர் இடியாப்பம். புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகை மரம் என்கிற அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. ஆவி பறக்கிற இட்லியை ஒருத்தர் எடுத்துப் போட, ஒருத்தர் அழுத்த, இன்னொருத்தர் கீழே தட்டைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். உன் அம்மாவும் நானும் மட்டும் என்ன செய்ய முடியும்? பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அழுத்த வந்துவிடுவார். அத்தை தேங்காய்ப்பால் பிழிவாள். எள்ளும் வெல்லமும் இடிக்கப் பிள்ளைகளுக்குள் போட்டி. இலை போடும் முன்பே வீடு கலகலவென்று ஆகிவிடும். இடம் போதவில்லை என்று ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

உன் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கையில் ஒரு வேலையும் இல்லாமல் போயிருக்கும், பாவம். அடுத்த தடவை ஒருத்தரிடம் வெங்காயத்தைக் கொடு, ஒருத்தரைத் தேங்காய் துருவச் சொல். விருந்தாளியை வேலை வாங்குவதா என்று கூச்சப்படாதே.

இன்னொன்று. சாப்பிடுகிறீர்களா என்று யாரையும் கேட்காதே. உன் அப்பத்தா கேட்டதே இல்லை. வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொம்பில் தண்ணீர் வந்துவிடும், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே இலையைப் போட்டுவிடுவார். கேட்டால் நம் பக்கத்து ஆட்கள் எவ்வளவு பசித்தாலும் "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான். ஒரு சொந்தக்காரர் வீட்டில் மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் வேண்டாம் என்றேன். சரி என்று விட்டுவிட்டார்கள். சித்திரை வெயிலில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறியது இன்னும் மறக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இலையைப் போட்டிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

பொங்கல் முடிந்ததும் அத்தை பையன் புனே வருகிறான். நம் வீட்டுச் சந்தகை மரம் கனம், ரயிலில் தூக்க முடியாது. ஈரோட்டில் சின்னதாக ஒன்று வாங்கி அவனிடம் கொடுத்துவிடுகிறேன், ஒரு கிலோ எள்ளும் வைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து அந்த நாலு பேரையும் மறுபடி கூப்பிடு. அரிசி 4 மணி நேரமாவது ஊறட்டும். முதல் ஈடு வெந்ததும் அவர்களையே அழுத்தச் சொல்.

அப்பா