உம்மாவை அந்த வழியாகவே கூட்டிப் போ

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் நலம். உம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் பினாங்குப் பேச்சுதான். ஏதோ உயரமான கட்டடத்தின் மேல்மாடி ஹோட்டலில் விருந்து வைக்கப்போவதாக லாத்தாவிடம் சொன்னாயாம். வேண்டாம் தம்பி. ஏசியில் அவளுக்குச் சளி பிடிக்கும். மெனுவில் விலையைப் பார்த்தால் பசியே இல்லை என்பாள். நான் வந்தபோது ஒரு சாயங்காலம் என்னை நடத்திக் கூட்டிப் போனாயே, அந்த வழிதான் அவளுக்கும் சரி.

முதலில் சியூ ஜெட்டி. கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் அந்தச் சீனர் வீடுகளை அவள் பார்க்க வேண்டும். தூண்களில் சிப்பி எவ்வளவு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நீ அவசரப்படுத்தினாய். நம்ம கீழக்கரைக் கடலில் வற்றமும் பெருக்கமும் அவ்வளவாகத் தெரியாது. அங்கே தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. மண்ணில் இல்லாத வீட்டுக்கு நிலவரி கிடையாது என்று நீ சொன்னதை இங்கே கடைத்தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், ஒருவரும் நம்பவில்லை. பலகை இடுக்கில் உம்மாவின் செருப்பு மாட்டும். கையைப் பிடித்துக்கொள்.

அங்கே ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்று முன்பே சொல்லிவை. இல்லாவிட்டால் கடிகாரத்தைப் பார்த்து, மஃரிபுத் தொழுகை தப்பிவிட்டது என்று பதறுவாள். கபித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுக் கிளம்புங்கள். தென்னிந்தியாவிலிருந்து போன காதர் மொகிதீன் 1801இல் கட்டிய பள்ளி அது என்று சொன்னால் உம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அப்புறம் நாசி கண்டார் சாப்பாடு. அவளை உட்கார வைத்துவிட்டு நீயே வாங்கி வந்துவிடாதே, வரிசையில் அவளும் நிற்கட்டும். சோற்றின் மேல் கோழி ஆணம், மீன் ஆணம், கணவாய் ஆணம் என்று எல்லாக் குழம்பையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடைக்காரர் ஊற்றும்போது அவள் முகம் போகும் போக்கை நீ பார்க்க வேண்டும். நம் வீட்டில் கறியாணக் கரண்டி புளியாணத்தில் பட்டாலே அன்றைக்கு ரகளை. ஆனாலும் தட்டைக் காலி செய்வாள், நம்ம பக்கத்துக் கைமணம் அதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோளில் காவடி மாதிரிக் கம்பைத் தாங்கி, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் ஆணமும் தொங்கவிட்டு, துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடு. என் வாப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போய் இறங்கியதும் அந்தத் துறைமுகத்தில்தான். என்ன சாப்பிட்டார் என்று ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. எவ்வளவு பணம் அனுப்பினேன், யாரிடம் கொடுத்தேன், அவ்வளவுதான் இருக்கும்.

மணிக்கூண்டை வழியில் பார்த்துக்கொள்ளலாம். விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து அறுபது வருஷம் நிறைந்ததற்கு அறுபது அடி உயரம், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நேராகப் பாடாங் கோத்தா கடலோரத்துக்குப் போய்விடுங்கள். அங்கே எவ்வளவு நேரம் ஆனாலும் அவளைக் கிளப்பாதே. கல்யாணமாகி வந்த நாள் முதல் அடுத்த தெருவில் கடல், ஆனால் இருட்டிய பிறகு அதன் ஓரமாகச் சும்மா நடந்துவர நம் ஊரில் பெண்களுக்கு வழக்கமில்லை. அங்கே குடும்பம் குடும்பமாக, கிழவிகள்கூட, கையில் எதையாவது கொறித்துக்கொண்டு நடக்கிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. பசம்பூர் ஒரு தட்டு வாங்கிக் கொடு. அதிலுள்ள இறால் வடையும் வெள்ளரிக்காயும் அவளுக்குப் பிடிக்கும், அந்த இனிப்புக் குழம்பைக் கொஞ்சமாக ஊற்றச் சொல். முட்டி வலித்தால் சொல்லமாட்டாள், நீயாகவே உட்கார வை.

இன்னொன்று. உனக்காகக் கருப்பட்டித் தொதல் கிண்டிக்கொண்டிருக்கிறாள், தேங்காய்ப்பால் வற்ற வற்ற அடுப்பை விட்டு நகரவில்லை. பினாங்குக் கடைகளிலும் அது பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது என்று நான் இன்னும் சொல்லவில்லை. நீயும் அந்தக் கடைப் பக்கம் கூட்டிப் போகாதே.

வஸ்ஸலாம்,
வாப்பா