மகனுக்கு: அந்த ஏழு சதவீத வட்டி பற்றி

திருவொற்றியூர்
ஞாயிறு, காலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. புனேயிலிருந்து நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரப் படத்தைப் பார்த்தேன். 'சேமிப்புக் கணக்கிற்கு 7% வரை வட்டி' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 'மூன்று லட்சத்தையும் இதற்கு மாற்றிவிடட்டுமா?' என்று நீ ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். செம்புதாஸ் தெரு இரும்புக் கடையில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதியவளுக்கு அந்த 'வரை' என்ற சொல்லைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த வங்கியின் இணையதளத்துக்குள் போய் வட்டி அட்டவணையைத் தேடிப் பிடித்தேன். முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம், ஐந்து லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் 7 சதவீதம். உன் மூன்று லட்சத்தில் ஒரு ரூபாய்கூட அந்த 7 சதவீதத்தைத் தொடாது. முதல் லட்சத்துக்கு 3,000, மீதி இரண்டு லட்சத்துக்கு 10,000, ஆக ஆண்டுக்கு 13,000 ரூபாய். கணக்குப் பார்த்தால் 4.33 சதவீதம். நீ மனக்கணக்கில் 21,000 என்று போட்டிருப்பாய். உன் சம்பளக் கணக்கு இப்போது தரும் 2.5 சதவீதத்தில் 7,500 கிடைக்கிறது. கூடுதலாக வருவது 5,500. நீ புதிய வரி முறையில் இருப்பதால் பழைய முறையில் சேமிப்பு வட்டிக்கு உண்டான 10,000 ரூபாய்க் கழிவு உனக்கு இல்லை. வங்கி இந்த வட்டியில் வரி பிடிக்காது என்றாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கலில் நீயே காட்டியாக வேண்டும். உன் இருபது சதவீத வரி போக, வரிக்கு மேல் போடும் செஸ்ஸை விட்டுவிட்டாலும், 4,400 ரூபாய் நிற்கும். மாதத்துக்கு 366 ரூபாய் சொச்சம். அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எதற்காக இடம் மாறுகிறாய் என்பது தெரிந்திருக்கட்டும்.

இந்த வட்டி நிலையானதும் அன்று. வைப்பு நிதியில் போட்ட அன்றைய வட்டி முதிர்வு வரை மாறாது. சேமிப்புக் கணக்கில் வங்கி நினைத்தால் குறைக்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.50இலிருந்து 5.50க்கு இறக்கியது; அந்த ஜூனிலேயே ஸ்டேட் பேங்க் சேமிப்பு வட்டியை 2.50 ஆக்கிவிட்டது. எங்கள் காலத்தில் வட்டியை ரிசர்வ் வங்கியே நிர்ணயிக்கும், எந்த வங்கிக்குப் போனாலும் ஒன்றுதான். 2011 அக்டோபரில்தான் அதை வங்கிகளின் விருப்பத்துக்கு விட்டார்கள். அதற்கும் முன்பு, 2010 மார்ச் வரை, மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. கடையில் சம்பளம் வாங்கிய கையோடு 10ஆம் தேதிக்குள் போட்டுவிட நான் பிராட்வேக்கு ஓடுவேன். உன் அப்பா ஒரு மாதம் 12ஆம் தேதி அதில் இரண்டாயிரம் எடுத்துவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. இப்போது அன்றாட இருப்புக்கு வட்டி என்பதால் அந்த ஓட்டம் உனக்கு இல்லை.

வட்டியைவிட எனக்கு முக்கியமானது பணம் யாரிடம் இருக்கிறது என்பது. தொண்ணூறுகளில் உன் தாத்தா தண்டையார்பேட்டையில் ஒரு நிதி நிறுவனத்தில் 24 சதவீத வட்டிக்குப் பணம் போட்டார். ஒரு நாள் ஷட்டர் இறங்கியது, பிறகு ஏறவில்லை. அந்த ரசீதுகள் இன்றும் தகரப் பெட்டியில் இருக்கின்றன, குண்டூசி துருப்பிடித்து நான்கு தாளிலும் பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. அது வங்கி அன்று, அதனால் காப்பீடு இல்லை. நீ காட்டியது சிறு நிதி வங்கி. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றது, வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் பட்டியலிலும் பெயர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளையும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது.

ஆனால் இந்த இடத்தில் நிதானித்துப் படி. வங்கியிலிருந்து பணம் எடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டால் காப்பீட்டுப் பணம் வர 90 நாள் வரை ஆகலாம் என்பதுதான் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்வது. பணம் போகாது, ஆனால் அந்த மூன்று மாதம் கையிலும் இருக்காது. நீ இந்த மூன்று லட்சத்தை வைத்திருப்பதே நள்ளிரவில் ஆஸ்பத்திரியில் கட்டுவதற்காக. ஆகவே ஒரு லட்சம் பழைய கணக்கிலேயே இருக்கட்டும். இரண்டு லட்சத்தை மட்டும் மாற்று. அப்போது கூடுதல் வட்டி இன்னும் குறையும் என்று நீ சொல்வாய், குறையட்டும். முழுத்தொகையையும் அனுப்புமுன் ஐயாயிரம் போட்டு, ஒரு ஞாயிறு இரவில் அதைத் திரும்ப எடுத்துப் பார்.

ஏதோ ஒரு செயலியின் வழியாகத் திறக்காதே. வங்கிப் பெயர் போல ஒலிக்கும் பல செயலிகள் வங்கிகள் அல்ல, பின்னால் வேறொரு வங்கி இருக்கும். வங்கியின் சொந்தத் தளத்துக்கே போ. முகவரி 'பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார். ஆதாருக்கு வரும் ஓடிபியை மட்டும் வைத்துத் திறக்கும் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது, ஓராண்டுக்குள் முழுச் சரிபார்ப்பும் முடிந்தாக வேண்டும். எனவே வீடியோ சரிபார்ப்பை அன்றே முடித்துவிடு. பான் அட்டை அசலாகக் கையில் இருக்க வேண்டும். நான் என் கணக்குக்கு இதைச் செய்தபோது வாசலில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்ததில், வீடியோவில் வந்த வங்கிப் பெண் கேட்ட எண்ணை நான் மூன்று முறை சொல்லியும் அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் குளியலறைக்குள் நின்று சொன்னேன்.

நாமினி பகுதியை 'பிறகு' என்று விட்டுவிடாதே. என் பெயரைப் போட வேண்டாம், எனக்கே அறுபத்து மூன்று ஆகிறது. தங்கச்சி பெயரைப் போடு. அவளுடைய பிறந்த தேதியைக் கேட்பார்கள். அதை என்னிடம் கேட்காமல் அவளிடமே கேள், ஒவ்வோர் ஆண்டும் நீ மறக்கிற தேதி அது.

அன்புடன்,
அம்மா